நொண்டும் பக்கம்

பக்க வடிவமைப்பு வேலை செய்கிறவர்களுக்கென்று ஒரு வாட்ஸ்அப் குழு இருக்கிறது. ஓய்வு பெற்ற பிறகும் என்னை அதிலிருந்து நீக்காமல் வைத்திருக்கிறார்கள். சென்ற மாதம் அதில் ஒருவர் கேட்டார்: "அக்கா, நானூறு பக்க நாவல். ரைட்டர் சொந்தமா போடறார். உள் ஓரம் எவ்ளோ விடணும்?" அளவைச் சொன்னேன். கூடவே, எழுத்தளவையும் தாள் அளவையும் அச்சகத்தில் ஒருமுறை நேரில் போய்ப் பார்த்துவிடச் சொன்னேன். உடனே பதில் வந்தது: "எதுக்குக்கா அவ்ளோ டென்ஷன்? இப்பல்லாம் பத்து காப்பிதான் போடறோம். தப்பானா ஃபைலத் திருத்தி மறுபடி ஏத்திக்கலாம்."

அவர் சொன்னது உண்மைதான். இப்போது மறுபடி ஏற்றிக்கொள்ளலாம். ஆனாலும் அதற்கு நான் சொல்ல நினைத்த பதில் நாலு வரியில் அடங்கவில்லை. அதனால் இதை எழுதுகிறேன். ஆண்டைச் சொன்னால் ஆட்களை அடையாளம் கண்டுவிடலாம் என்பதால் ஆண்டை விட்டிருக்கிறேன், பெயர்களையும் மாற்றியிருக்கிறேன். மாதங்களும் கிழமைகளும் தினசரி நாட்காட்டித் தாள்களின் முதுகில் நான் குறித்து வைத்தவை. அவற்றை மாற்றவில்லை.

நான் பெங்களூரில் பிறந்தவள். பள்ளியில் கன்னடம், வீட்டில் தமிழ். அரசு அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்த அப்பா, ஞாயிற்றுக்கிழமைகளில் தமிழ் வார இதழைக் கையில் கொடுத்து உரக்கப் படிக்கச் சொல்வார். தமிழ் எழுத்து எனக்கு வந்த வழி அதுதான். தட்டச்சு கற்றேன், பிறகு கணினி. அதன் பிறகு சாமராஜ்பேட்டையில் சேஷகிரி ராவின் அச்சகம். ஓய்வு பெறும்வரை அங்கேயே இருந்தேன். கன்னடப் புத்தகங்கள்தான் அதிகம் வரும். தமிழ் வந்தால் என் மேஜைக்கு வரும். அங்கே தமிழ் படிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான்.

ராவுக்குத் தமிழில் ஓர் எழுத்தும் தெரியாது. ஆனால் என் தமிழ்ப் பக்கங்களில் அவர் தப்பு கண்டுபிடிக்காத நாள் குறைவு. எதிரெதிர்ப் பக்கங்கள் இரண்டையும் அச்செடுத்து, ஜன்னலுக்கு மேல் கட்டியிருந்த கம்பியில் கிளிப் போட்டுத் தலைகீழாகத் தொங்கவிடுவார். பத்தடி பின்னால் போய், காபி டம்ளரைப் பிடித்துக்கொண்டு நின்று பார்ப்பார். வெளிச்சம் தாளுக்குள் புகுந்து வரும். முன்பக்க வரிகளும் பின்பக்க வரிகளும் ஒன்றன்மேல் ஒன்று உட்கார்ந்திருக்க வேண்டும். பிசகினால் வெள்ளை இடைவெளிகள் அழுக்காகத் தெரியும். எதிரெதிர்ப் பக்கங்களின் கடைசி வரிகள் ஒரே மட்டத்தில் முடிய வேண்டும். ஒன்று ஒரு வரி குறைந்தாலும், "இந்தப் பக்கம் நொண்டுது, வசந்தம்மா" என்பார். கன்னடத்தில்தான் சொல்வார், அச்சகப் பேச்சு முழுக்கக் கன்னடம்தான். இங்கே தமிழில் எழுதுகிறேன்.

அவர் கத்தி நான் கேட்டதில்லை. "படிக்கத் தெரிஞ்சவன் கதைக்குள்ள போயிடுவான். பக்கத்தைப் பார்க்கறது யாரு?" என்பார். மெஷின் ஓட்டிய மஞ்சுநாத்தையும் அப்படித்தான் பழக்கியிருந்தார். படிக்காதே, உருவத்தைப் பார். அது தப்பான பாடம் என்று இன்றும் நான் சொல்ல மாட்டேன். அந்தப் பாடத்தில் நாங்கள் செய்த நல்ல புத்தகங்கள் ஏராளம்.

இன்னொரு வழக்கமும் அங்கே இருந்தது. வேலையை யாரும் அளவு சொல்லிக் கொடுப்பதில்லை. வகை சொல்லிக் கொடுப்பார்கள். கன்னடத்தில் நாவலுக்குக் காதம்பரி என்று பெயர். "ஒரு காதம்பரி, நூறு காப்பி" என்று ராவ் உள்ளே குரல் கொடுத்தால், டெம்மி என்கிற சாதாரண நாவல் அளவு, வழக்கமான எழுத்து, முதுகைப் பசையால் ஒட்டும் பெர்ஃபெக்ட் பைண்டிங் என்று எல்லாருக்கும் புரிந்துவிடும். கவிதை என்றால் அதைவிடச் சின்னது. குழந்தைப் புத்தகம் என்றால் பெரியது. அந்த ஒரு வார்த்தையில் பாதி வேலை முடிந்துவிடும்.

ஏகாம்பரம் வந்தது ஒரு ஜூன் மாதம், திங்கட்கிழமை காலை. ஆற்காட்டுப் பக்கத்திலிருந்து இளவயதில் வந்தவர். பீன்யாவில் ஒரு தொழிற்சாலையின் டூல் ரூமில் வேலை பார்த்து ஓய்வு பெற்று, பொம்மனஹள்ளியில் குடியிருந்தார். சர்க்கரை நோயில் வலது கண் போய்விட்டது. இடது கண்ணின் உள்ளே ரத்தக் கசிவு. ஊசி போட்டுத் தள்ளிப்போடலாம், நிறுத்த முடியாது என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

"எவ்ளோ நாள்னு கேட்டேன் மேடம். தீபாவளி பாத்துடுவீங்க, பொங்கல் சொல்ல முடியாதுன்னாரு," என்றார், பஸ் நேரம் சொல்வதுபோல.

நாவலை அவர் நோட்டில் எழுதி, பேட்டைக் கடைத்தெருவில் ஒரு டைப்பிங் சென்டரில் அடித்து வாங்கியிருந்தார். அடித்தவர் பழைய எழுத்துரு ஒன்றில் அடித்திருந்தார். எங்கள் கணினியில் திறந்தால் தமிழே இல்லை. ஆங்கிலக் குறிகளும் கேள்விக்குறிகளும்தான். மாற்றியபோது தமிழ் வந்தது, ஆனால் கொம்புகள் தனியாகவும் கால்கள் தனியாகவும் சிதறி நின்றன. ஒவ்வொரு வரி முடிவிலும் என்டர் தட்டியிருந்தார்கள். பத்தியின் தொடக்கத்தில் ஐந்து இடத்தில் ஐந்து விதமான இடைவெளி. இதையெல்லாம் ஒரேயடியாகத் தேடி மாற்றலாம் என்று தோன்றும். மாற்றினால் வசனங்கள் எல்லாம் ஒரே பத்தியாக ஒட்டிக்கொள்ளும். நான் அத்தியாயம் அத்தியாயமாக உட்கார்ந்து பிரித்தேன்.

"எழுத்து பெருசா வேணும் மேடம். எவ்ளோ பெருசுன்னா, என் கண்ணுக்குத் தெரியற அளவுக்கு."

பல அளவுகளில் ஒரே பத்தியை அச்செடுத்து அவர் முன் வைத்தேன். பதினாறு புள்ளியில் நிறுத்தினார். சாதாரண நாவலில் பதினொன்று, பன்னிரண்டு இருக்கும். பதினாறை டெம்மித் தாளில் வைத்தால் வரிக்கு நாலு வார்த்தைதான் வரும். அதனால் பெரிய தாளுக்குப் பக்கம் கட்டினேன். முதுகு தடித்த புத்தகம் விரித்தால் முழுக்க விரியாது என்பதால் உள் ஓரத்தைத் தாராளமாக விட்டேன்.

"நோட்டுல இருக்கறது நீங்க எழுதினதுதானே. மனப்பாடமா தெரியுமே. எதுக்கு இவ்ளோ சிரமம்?" என்று ஒருநாள் கேட்டேன்.

அவர் தாள்களைத் தட்டி ஓரம் சேர்த்து வைத்தார். பிறகு சொன்னார்: "நோட்டுல இருந்தா நான் பொலம்புற மாதிரி இருக்கு மேடம். புஸ்தகமா வந்துட்டா வேற யாரோ சொல்ற மாதிரி இருக்கும். ஒரே ஒரு தடவை மொதல்லேந்து கடைசி வரைக்கும், வேற ஒருத்தன் சொல்லி நான் கேக்கணும். அப்புறம் கண்ணு போனா போவட்டும்."

ஒவ்வொரு மெய்ப்புக்கும் பாக்கெட்டில் ஸ்டீல் ஸ்கேலோடு வருவார். எழுத்தை விட ஓரத்தை அதிகம் பார்ப்பார். "மேடம், இந்தப் பக்கம் மேல அரை மில்லி கம்மி." அளந்தால் அரை மில்லி கம்மியாகவே இருக்கும், அச்சுப்பொறி தாளை இழுக்கும்போது விழும் பிசகு. ராவ் அதைப் பார்த்துவிட்டு என்னிடம், "இவர் புத்தகம் பண்ண வந்தாரா, பேரிங் பண்ண வந்தாரா, கேளு" என்றார். நான் மொழிபெயர்த்தேன். ஏகாம்பரம் சிரிக்காமல், "பேரிங்ல இவ்ளோ பிசகு இருந்தா கையி போயிடும்னு சொல்லுங்க" என்றார். ராவுக்கு அவரை அன்றிலிருந்து பிடித்துப்போனது.

கதை, இரும்புத் தகட்டை அழுத்தி வெட்டும் பிரஸ் ஷாப்பில் ஒப்பந்தத்தில் வேலை செய்யும் ஒரு பையனையும் அவன் அப்பாவையும் பற்றியது. மகள் கீதாதான் அவரை ஸ்கூட்டரில் கொண்டுவந்து விடுவாள். பொம்மசந்திராவில் ஒரு கம்பெனியில் கணக்குப் பார்ப்பவள். ஒருநாள் அவர் மெய்ப்பைப் பார்த்துக்கொண்டிருக்க, வெளியே வராந்தாவில் என்னிடம் கேட்டாள்.

"ஆன்ட்டி, அதுல எங்கண்ணன் பேரு இருக்கா?"

"குமரன்னு ஒரு பையன் வர்றான்."

"செந்தில் அவன் பேரு. பிரஸ் மெஷின்ல போயிட்டான். நாங்க வீட்ல அவன் பேர எடுக்கறதில்ல. போட்டோவக்கூட அம்மா உள்ள வச்சிட்டாங்க. அப்பா இதெல்லாம் எழுதறாருன்னே எனக்கு டைப்பிங் சென்டர்லேருந்து கூப்பிட்டப்பதான் தெரியும்."

"நீ படிச்சுப் பார்க்கலியா?"

"எனக்குத் தமிழ் படிக்க எங்க வருது ஆன்ட்டி? கன்னட மீடியம். பஸ் போர்டுகூட ஓத வராது. அம்மா பள்ளிக்கூடமே போகல." பிறகு சிரித்தாள். "அதான் அப்பா தைரியமா எழுதியிருக்காரு."

மூன்று மெய்ப்புகள் ஆயின. செப்டம்பர் கடைசியில் கணினிக் கோப்பை உள்ளே மெஷினுக்குக் கொடுத்துவிட்டு, நான் ஒரு கல்லூரி மலர் வேலையில் உட்கார்ந்தேன். ஆயுதபூஜை வாரம். எல்லாரும் விடுமுறைக்கு முன் புத்தகம் கேட்கும் நேரம். பெரிய தாள் என்று ராவிடம் நான் சொல்லியிருந்தேன். அவரும் தலையாட்டி, தாளும் வரவழைத்திருந்தார். ஆனால் அந்த வியாழக்கிழமை, நெருக்கடியில், வாசலில் நின்று உள்ளே பார்த்து வழக்கம்போலக் குரல் கொடுத்தார்: "மஞ்சு, அந்தத் தமிழ்க் காதம்பரி, நூறு காப்பி!"

மஞ்சுநாத் கோப்பைத் திறந்தார். எழுத்து வீங்கியிருந்தது. தாள் குழந்தைப் புத்தக அளவில் இருந்தது. படம் ஒன்றும் இல்லை. யாரோ அளவைத் தப்பாக வைத்துவிட்டார்கள் என்று நினைத்தார். மெஷினில் தாளுக்குப் பொருத்து என்று ஒரு வசதி உண்டு; டெம்மியைத் தேர்ந்தெடுத்து அதை அழுத்தினார். எல்லாம் ஒரே விகிதத்தில் சுருங்கின. அட்டையையும் அப்படியே சுருக்கினார். முதல் தாளை ராவிடம் காட்டினார். ராவ் கம்பியில் தலைகீழாக மாட்டி, பத்தடி பின்னால் போய்ப் பார்த்தார். அந்தத் தூரத்தில் பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும் ஒரே சாம்பல் நிறம்தான். "நல்லா நிக்குது" என்றார்.

அவர்கள் இருவரும் கவனக்குறைவானவர்கள் அல்லர். தமிழ்க் காதம்பரி ஒன்றை மிகச் சரியாக அச்சடித்தார்கள்.

மறுநாள், வெள்ளிக்கிழமை, பூஜைக்காக மெஷின்களுக்குக் குங்குமம் வைத்துக்கொண்டிருந்தபோது ஏகாம்பரம் மகளோடு வந்தார். இஸ்திரி போட்ட சட்டை. பொரி, சுண்டல் எல்லாம் கையில் கொடுத்து, ராவ்தான் புத்தகத்தை நீட்டினார். அது கை மாறும்போதே எனக்கு அளவு தெரிந்துவிட்டது.

அவர் முதலில் விரலால் ஓரத்தைத் தடவினார். பிரித்தார். இடது கண்ணருகே கொண்டுபோனார். தள்ளிப் பிடித்தார். ஜன்னல் பக்கம் போய், ராவ் தாள் மாட்டும் கம்பிக்குக் கீழே நின்று பார்த்தார். நடுவில் அழுத்தி விரிக்கப் பார்த்தார். உள் ஓரமும் சுருங்கிப் போனதால் வரிகள் முதுகுக்குள் வளைந்து போயின.

"மேடம், இது என் புஸ்தகம்தானா?"

"உங்களுதுதான் சார்."

"எறும்பு ஊர்ற மாதிரி இருக்கே."

நான் கன்னடத்தில் ராவிடம் சொன்னேன். ராவ் மஞ்சுநாத்தைப் பார்த்தார். மஞ்சுநாத் என்னைப் பார்த்து, "காதம்பரின்னுதானே சொன்னாங்க வசந்தக்கா" என்றார். அவர் கையில் குங்குமக் கிண்ணம் இருந்தது. ராவ் ஏகாம்பரத்தின் முன் வந்து நின்று, மொழி தெரியாமலேயே இரண்டு கைகளையும் கூப்பினார்.

"பெரிய தாள் கைல இருக்கு சார். திங்கட்கிழமையே மறுபடி அடிச்சுத் தர்றோம்," என்றேன். பூஜை போட்ட மெஷினை மூன்று நாளைக்குத் தொட மாட்டார்கள் என்பதை நான் சொல்லவில்லை. அவருக்கே தெரியும், அவர் தொழிற்சாலையிலும் அப்படித்தான்.

"பரவால்ல, பரவால்ல. பூஜை நாள்ல யாரும் மூஞ்ச தூக்கி வச்சிக்கக் கூடாது," என்று சொல்லி, சுருங்கிய பிரதிகளில் ஒன்றை எடுத்துக்கொண்டு போனார்.

விஜயதசமி முடிந்து திங்கட்கிழமை காலை கீதா போன் செய்தாள். "ஆன்ட்டி, அப்பா மூணு நாளா லென்ஸ் வச்சிக்கிட்டு அந்தப் புஸ்தகத்தயே பாத்துட்டு இருந்தாரு. இன்னிக்கு எழுந்திரிச்சா ஒண்ணுமே தெரியலங்கறாரு. ரெண்டாவது கண்ணுலயும் ரத்தம் கட்டிடுச்சாம். டாக்டர் இது திரும்பாதுன்னுட்டாரு."

லென்ஸால் ரத்தம் கட்டாது என்று டாக்டர் சொன்னாராம். அப்படியே இருக்கட்டும். எங்கள் மெஷின் அன்றைக்குத்தான் ஓட ஆரம்பித்தது. மறு அச்சை நிறுத்தி வைக்கச் சொன்னார்கள். தாள் கட்டு பிரிக்காமல் சுவரோரம் கிடந்தது. ராவ் அதைக் கடக்கும்போதெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொள்வார். வகை சொல்லிக் குரல் கொடுப்பதை அன்றோடு விட்டார். அளவை எழுதி, மெஷின் அருகே போய், கையில் கொடுப்பார்.

நவம்பர் முதல் வாரம் கீதா தனியாக வந்தாள்.

"ஆன்ட்டி, அத கன்னட எழுத்துல அடிச்சுத் தர முடியுமா? மொழி தமிழே இருக்கட்டும். எழுத்து மட்டும் கன்னடம். நான் ஓதிக் காட்டறேன் அவருக்கு."

என் வேலைக் காலத்தில் யாரும் என்னிடம் அப்படிக் கேட்டதில்லை. மாற்றும் மென்பொருள் உண்டு. ஆனால் அது தருவதைப் படித்தால் பேச்சு மரக்கட்டையாக இருந்தது. நானே வாய்விட்டுச் சொல்லிப் பார்த்து, வீட்டில் பேசும் ஒலி வரும்படி வரி வரியாகத் திருத்தினேன். ஓர் அத்தியாயம் முடிந்ததும் சாதாரணத் தாளில் அச்செடுத்து அனுப்புவேன். ராவ் எட்டிப் பார்த்தார். தன் வாழ்நாளில் முதல் முறையாக ஒரு தமிழ் நாவலை அவரால் படிக்க முடிந்தது. இரண்டு வரி உரக்கப் படித்தார். புரிந்ததா என்று தெரியவில்லை. தாளை மெதுவாக வைத்துவிட்டுப் போனார்.

கடைசி அத்தியாயங்களை டிசம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் நானே பொம்மனஹள்ளிக்கு எடுத்துப் போனேன். மாடியில் இரண்டு அறை வீடு. ஏகாம்பரம் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். மனைவி சரசு, துவைத்துக் காய்ந்த துணியைக் கட்டிலில் போட்டு மடித்துக்கொண்டிருந்தார். இத்தனை வாரமாக அந்த அம்மாள் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டதில்லை என்றும், ஆனால் கீதா படிக்க ஆரம்பித்தால் மிக்ஸியை நிறுத்திவிடுவார் என்றும் கீதா எனக்கு முன்பே சொல்லியிருந்தாள்.

கீதா படித்தாள். மாமன் ஒருவன் கல்யாணப் பந்தியில் இரண்டாம் முறை உட்கார்ந்து மாட்டிக்கொள்ளும் இடம் முதலில் வந்தது.

"இது எந்தம்பி," என்றார் சரசு துணிக்குள்ளிருந்து. "எந்தம்பியத் தவிர வேற ஆளே கெடைக்கலயா எழுத?"

"உன் தம்பி மாதிரி துன்றவன் எவன் இருக்கான்?" என்றார் ஏகாம்பரம்.

கீதாவுக்குச் சிரிப்பு அடங்கச் சற்று நேரமாயிற்று. பிறகு அடுத்த தாளை எடுத்தாள். அது குமரன் இறக்கும் நாள். அன்று காலை குமரன் வேலைக்குக் கிளம்புகிறான். மெஷினில் கை இருந்தால் நிறுத்தும் சென்சார் ஒரு வாரமாக வேலை செய்யவில்லை, கம்பி போட்டுக் கட்டி ஓட்டுகிறார்கள், இன்றைக்குப் போகப் பயமாக இருக்கிறது என்கிறான். அடுத்த மாதம் பர்மனன்ட் ஆகும் நேரத்தில் லீவு போடாதே, போ என்று அப்பா சொல்கிறார். பத்தி இப்படி முடியும்: 'அதை அவன் அன்று காலை அப்பாவிடம் மட்டும் சொன்னான்.'

அந்த வரியை மூன்று மெய்ப்பிலும் கன்னட எழுத்திலும் நான் பார்த்திருக்கிறேன். பக்கத்தின் கடைசி வரியில் ஒற்றைச் சொல் தனியாக நிற்கிறதே, பரவாயில்லையா என்றுதான் ஒவ்வொரு முறையும் யோசித்தேன்.

கீதா அந்த வரியைப் படித்துவிட்டு நிறுத்தினாள். தாளிலிருந்து தலையைத் தூக்கவில்லை. ஏகாம்பரம் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பியிருந்தார். கீழே தெருவில் தண்ணீர் லாரி பின்னால் வரும் சத்தம் கேட்டது.

"எங்கிட்டயும் சொன்னான்," என்றார் சரசு.

கீதா தாளை மடியில் வைத்துவிட்டு அம்மாவைப் பார்த்தாள்.

"டிபன் டப்பா கட்டும்போது சொன்னான். நானுந்தான் போன்னேன். ஒரு மாசம்டா, பல்லக் கடிச்சிக்கோன்னு சொன்னேன்." கையிலிருந்த சட்டையை மடித்து, மறுபடி பிரித்து, மறுபடி மடித்தார். "நீ ஒரு ஆளுதான் போன்னு சொன்ன மாதிரி எழுதி வச்சிருக்க."

ஏகாம்பரம் குரல் வந்த பக்கம் திரும்பினார்.

"உன்னையும் எழுதட்டுமா?"

"வேணாம். என்னய எழுதாத." அவர் எழுந்து துணியை அலமாரிக்குள் வைத்தார். வைத்துக்கொண்டே, முதுகைக் காட்டியபடி சொன்னார்: "அந்த 'மட்டும்'ங்கறத எடுத்துடு. அது போதும்."

ஏகாம்பரம் நான் உட்கார்ந்திருந்த பக்கம் கையை நீட்டினார். "மேடம், எழுதிக்கறீங்களா? ஒரு திருத்தம். இத மாத்திட்டு, நிறுத்தி வச்சத அச்சுக்கு விட்டுடுங்க."

திங்கட்கிழமை காலை தமிழ்க் கோப்பைத் திறந்து அந்தச் சொல்லை எடுத்தேன். கடைசி வரியில் தனியாக நின்ற 'சொன்னான்' மேல் வரிக்கு ஏறிவிட்டது. பக்கத்தின் அடியில் ஒரு வரி இடம் வெள்ளையாக நின்றது. அடுத்த பத்தியின் முதல் வரியை மேலே இழுத்தால் அது அநாதையாகத் தொங்கும். எழுத்துகளின் இடைவெளியைக் கொஞ்சம் தளர்த்தி அந்த இடத்தை நிரப்பியிருக்கலாம். ஐந்து நிமிட வேலை, எத்தனையோ புத்தகங்களில் செய்திருக்கிறேன். செய்யவில்லை. பெரிய தாளில், பதினாறு புள்ளியில், எதிரெதிர்ப் பக்கங்களை அச்செடுத்துக் கொடுத்தேன்.

ராவ் கம்பியில் தலைகீழாக மாட்டினார். டம்ளரை எடுத்துக்கொண்டு பத்தடி பின்னால் போனார்.

"இந்தப் பக்கம் நொண்டுது, வசந்தம்மா."

"நொண்டட்டும் சார்," என்றேன்.

அவர் என்னையும் தாளையும் ஒரு முறை பார்த்தார். டம்ளரை ஜன்னலில் வைத்துவிட்டு, கிளிப்பை எடுத்து, தாளை அவரே மஞ்சுநாத்திடம் கொண்டுபோய்க் கொடுத்தார்.